அஸருக்கு முன்னால

நல்ல கராஜ் ஒண்டைக் கண்டுபிடிச்சா வாயைத் திறக்கப்படாது. நல்ல தையல்காரியைப் பத்தி ஆரும் ஊருக்குச் சொல்லுவாங்களா? சொன்னா அடுத்த தீபாவளிக்கு உங்கட சட்டை நேரத்துக்கு வராது. கராஜும் அப்படித்தான் எண்டுதான் நான் கனகாலம் நினைச்சிருந்தன். இப்பிடி நினைக்கிற ஆள் இந்த ஊரில நான் ஒருத்திதான் எண்டும் நினைச்சிருந்தன். அதுதான் பிழையாப் போச்சு.

என்ட தொழில் பொம்பிளை வெளிக்கிடுத்திறது, சீலை கட்டி, நகை பூட்டி, அலங்கரிச்சு விடுறது. கலியாணம், சாமத்தியச் சடங்கு எது எண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. வீடு களுதாவளையில. வேலை வாவிக்கு இங்கால எழுவான்கரையிலயும் இருக்கும், அங்கால படுவான்கரையிலயும் இருக்கும். சீலை, நகைப்பெட்டி, சவுரி முடி, பெரிய கண்ணாடி, குத்துவிளக்கு எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு விடியக்காலையில வெளிக்கிட்டாத்தான் முகூர்த்தத்துக்கு முன்னம் வேலை முடியும். கார் நிண்டிட்டா நானும் நிண்டன். எனக்காக முகூர்த்தம் காத்து நிக்குமா, ஐயர்தான் நிப்பாரா?

என்ட கார் ஒரு சின்னக் கார். அதுட வயசைக் கேக்கப்படாது. இப்ப வாகனம் விக்கிற விலையில வேற ஒண்டு வாங்கிறதைக் கனவிலயும் நினைக்கேலாது. அதால அதுக்கு ஒரு இருமல் வந்தாலும் எனக்கு நெஞ்சு பக்கெண்டும். பக்கெண்ட நெஞ்சோட ஒரு பொம்பிளை காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குள்ள போனா, சில பேருக்கு அது பெருநாளும் திருவிழாவும் ஒண்டா வந்த மாதிரி. ஒருத்தன், சத்தம் கேக்குது எண்டு போனதுக்கு முன்பக்கத்து ஷொக் ரெண்டையும் மாத்தினான். சத்தம் போகல்ல. பின்பக்கமும் மாத்தினான். அப்பவும் போகல்ல. இனி அடியில பெரிய வேலை இருக்கு எண்டான். கடைசியில பாத்தா, பின்சீட்டுக்குக் கீழ என்ட குத்துவிளக்குட அடித்தட்டு கழண்டு உருண்டு திரிஞ்சிருக்கு. அதைக் கையில தூக்கிக்கொண்டு போய் அவனை நான் கேட்ட கேள்விகளை இஞ்ச எழுதேலாது.

காத்தான்குடி நானாவை நான் தேடிப் போகல்ல. கரடியனாத்தில ஒரு கலியாணம். விடிஞ்சும் விடியாத நேரம் போய்க்கொண்டிருக்கக்குள்ள, காத்தான்குடியில சூடு காட்டிற முள்ளு கிடுகிடெண்டு மேல ஏறிட்டுது. பொனற்றுக்குள்ளால புகை. பக்கத்து ஒழுங்கைக்குள்ள ஒரு தகரக் கொட்டிலும், வாசலில நாலு பழைய டயரும் தெரிஞ்சது. சாரத்தோட ஒரு மனிசன் நிண்டு பிளேன்டீ குடிச்சுக்கொண்டிருந்தார். என்ட வயசு இருக்கும், ரெண்டு மூண்டு கூடவும் இருக்கும். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுற மாதிரி நானா எண்டு கூப்பிட்டன், அவர் தங்கச்சி எண்டார். அவ்வளவுதான் அறிமுகம்.

தண்ணி போற குழாய்ட நுனி வெடிச்சிருந்தது. அவர் அந்த நுனியை வெட்டி எறிஞ்சிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்கி, தண்ணி ஊத்தினார். அந்தளவுதான். எவ்வளவு எண்டு கேட்டன். பின்சீட்டில கிடந்த சீலையையும் நகைப்பெட்டியையும் ஒருக்காப் பாத்தார். "பொம்புள பாத்துக்கிட்டிருப்பா. நீங்க போங்க. வரக்குள்ள பாப்பம்" எண்டார். நான் ஆர், எந்த ஊர் எண்டு கூடக் கேக்கல்ல.

திரும்பி வரக்குள்ள போனன். அவர் கேட்ட காசுக்கு ஒரு பிளேன்டீயும் ரெண்டு ரோல்ஸும் வாங்கலாம். சந்தோசப்பட்டனோ? இல்லை. வீட்டை வந்து பொனற்றைத் திறந்து, என்னத்தைக் கழட்டி எடுத்திட்டான் இந்த மனிசன் எண்டு ஒவ்வொண்டாத் தடவிப் பாத்தன். எனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்! எல்லாம் இருந்த இடத்திலதான் இருந்த மாதிரிக் கிடந்தது. ஏமாந்து ஏமாந்து, ஏமாத்தாத ஆளைக் கண்டாலும் சந்தேகப்படுற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தாங்க.

பிறகு பிறகு பழகிட்டுது. அவர்ர கராஜில ஒரு முறை இருக்கு. ஒரு சாமான் மாத்த வேணுமெண்டா மட்டைத் துண்டு ஒண்டில எழுதித் தருவார். நீங்களே கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்க, எனக்கு அதில கொமிசன் வேணாம் எண்டுவார். கழட்டின பழைய சாமானை ஒரு சொப்பிங் பேக்கில போட்டு முன்சீட்டில வெச்சிருப்பார். "பாத்துட்டு நீங்களே வீசுங்க." எனக்கு வீச மனம் வராது. எங்கட முருங்கை மரத்தடியில அப்பிடி ஒரு குவியல் சேந்து போச்சு. பாதி நாளில நான் பயந்தடிச்சுக்கொண்டு போவன். அவர் ஒரு சுத்து ஓட்டிப் பாத்திட்டு, ஒண்டுமில்ல, அடுத்த வருசம் பாப்பம் எண்டு திறப்பைத் தருவார். அதுக்கு ஒரு சதமும் எடுக்கமாட்டார்.

மனிசன் ஒண்டும் சாது இல்லை. வாய் நீளம். கிளச்சில காலை வெச்சுக்கொண்டு ஓட்டுறீங்க, அது உங்களுக்குச் செருப்பு வைக்கிற இடமா எண்டு ஒரு நாள் நாலு பேருக்கு முன்னால கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு கிழமை அந்தப் பக்கம் போகல்ல. அந்த ரெண்டு கிழமையும் காலைத் தூக்கித் தூக்கித்தான் ஓட்டினன் எண்டதை அவருக்குச் சொல்லவும் இல்லை.

அவர்ர வாயில வாற பொய் ஒண்டே ஒண்டுதான். "அஸருக்கு முன்னால தாறன்." அஸர் எண்டா அவங்கட பின்நேரத் தொழுகை, நாலு மணிக்குக் கிட்ட வரும். பள்ளியில அஸர் பாங்கு சொல்லும், அவர் கையைக் கழுவிட்டுத் தொழப் போவார், என்ட கார் சில்லில்லாமக் கல்லில நிக்கும். பொழுதுபட்டு மஃரிபும் போகும், ராத்திரி இஷாவும் போகும். கேட்டா முகத்தைப் பாத்து, நாளைக்கு அஸருக்கு முன்னால எண்டுவார். அதோட "கட்டாயம்" எண்ட சொல்லும் சேந்து வந்திட்டா, சரி, அடுத்த கிழமைதான். இதை நான் நல்லாப் படிச்சு வெச்சிருந்தன். கலியாணம் இல்லாத மாதமாப் பாத்துத்தான் காரைக் குடுக்கிறது. காசில பொய் இல்லை, சாமானில பொய் இல்லை, நேரத்தில மட்டும் பொய். அந்தளவுக்கு ஆரைத்தான் மன்னிக்கேலாது?

இப்பிடிப்பட்ட ஆளை வெளிய சொல்லலாமா? சொன்னா சனம் கூடும். சனம் கூடினா கூலி கூடும், என்ட கார் கடைசியில நிக்கும். என்ட தம்பி ஹயர் வேன் ஓட்டுறவன், ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. அக்கா, உன்ட காரை ஆர் பாக்கிறது எண்டு ஒருக்காக் கேட்டான். டவுனுக்குள்ள ஒரு பொடியன் எண்டு சொல்லிட்டன். அவன் மேல கேக்கல்ல. என்ட சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டன்.

போன வருசம் பங்குனியில பிறேக் வேலைக்குப் போயிருந்தன். வேலை முடிஞ்சு, பழைய சாமான் பையை முன்சீட்டில வெச்சிட்டு, பிளேன்டீயும் தந்திட்டு, துணியில கையைத் துடைச்சுக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, இனி வேற ஆளப் பாத்துக்கங்க. கட்டாருக்குப் போகப் போறன். ஏஜென்சிக்காரன் எல்லாம் முடிச்சிட்டான். பாஸ்போட்டக் கொண்டு போய்க் கையெழுத்து வெச்சாச் சரி."

இந்த வயசில ஏன் எண்டு கேட்டன். அவர் கையைப் பின்பக்கம் நீட்டினார். கொட்டிலுக்குப் பின்னால கூரையில்லாம நாலு சுவர் நிக்கும். உள்ளுக்குப் பழைய டயர் அடுக்கியிருக்கும். இத்தனை வருசமும் நான் அதை ஸ்டோர் எண்டுதான் நினைச்சிருந்தன். அது மூத்த மகளுக்குக் கட்டின வீடாம். மாப்பிள்ளை பேசி முடிஞ்சிட்டுதாம். கூரை ஏறினாத்தான் கலியாணம்.

எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட பக்கத்தில தமிழ் ஆக்கள் எண்டாலும் முஸ்லிம் ஆக்கள் எண்டாலும், பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்காமக் கலியாணம் நடக்காது. நான் இருக்கிற வீடும் எனக்கு அம்மா தந்ததுதான். ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில கேட்டன், கூலியைக் கூட்டினா என்ன எண்டு. வாற ஆக்களுக்குக் கூட்டினா அவங்களும் போயிருவாங்களே எண்டார். பிறகு என்ட கார்த் திறப்பை மேசையில வெச்சிட்டுச் சொன்னார்.

"புதுசா ஒருத்தரும் வாறல்ல தங்கச்சி. இத்தன வருசத்தில, ஒராள் சொல்லி இன்னொராள் வந்ததெண்டு இல்ல. என்ட வேலயில என்ன குற இரிக்கெண்டு நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்துட்டன். விளங்குதில்ல."

பிளேன்டீயைப் பாதியோட மேசையில வெச்சன். மனிசன் இதைக் கோபமாச் சொல்லல்ல, முறைப்பாடாவும் சொல்லல்ல. சத்தம் எங்க இருந்து வருது எண்டு தெரியாத ஒரு காரைப் பத்திச் சொல்ற மாதிரித்தான் சொன்னார். காசைக் குடுத்திட்டுக் காரை எடுத்திட்டன். ஆரையம்பதி தாண்டும் வரைக்கும் கண்ணுக்குள்ள அந்தக் கூரையில்லாத சுவர்தான் நிண்டது.

வீட்டை போகல்ல. நேரா தம்பி வீட்டுக்குத்தான் போனன். அவன் வேனைக் கழுவிக்கொண்டு நிண்டான். இஞ்ச பார், உனக்கு ஒரு கதை சொல்லவேணும் எண்டு தொடங்கினன். டவுனுக்குள்ள பொடியன் ஒருத்தனும் இல்லை, காத்தான்குடியில ஒரு நானா, ஒழுங்கைக்குள்ள தகரக் கொட்டில், தங்கமான வேலை, நியாயமான கூலி எண்டெல்லாம் சொல்லிக்கொண்டே போனன். அவன் தண்ணி பைப்பை வேனிலயும் பிடிக்கல்ல, நிலத்திலயும் பிடிக்கல்ல, தன்ட காலிலயே பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

"அஸருக்கு முன்னால தாறன் எண்டு சொல்றவரா?" எண்டான்.

நான் அவனைப் பாத்தன். அவன் வேன்ட டயரைப் பாத்தான். அவன் அங்க போகத் தொடங்கி மூண்டு வருசமாம். நான் அந்தப் பக்கம் போகாத நாளாப் பாத்துப் போவானாம். ஏன்டா எனக்குச் சொல்லல்ல எண்டு கத்தினன். நீ மட்டும் சொன்னியா எண்டு கேட்டான். கேட்ட கேள்வி நியாயம்தான், ஆனா அக்காவைப் பாத்துக் கேக்கிற கேள்வியா அது? சத்தத்துக்கு வேலியால எட்டிப் பாத்த பக்கத்து வீட்டு மாஸ்டர், ஆரு, காத்தான்குடி நானாவோ எண்டு கேட்டார். கேட்டிட்டு நாக்கைக் கடிச்சார். அவர்ர மோட்டார் சைக்கிளும் அங்கதான் போகுதாம். ஒரே ஊரில மூண்டு வாகனம். மூண்டையும் ஒரு மனிசன் பாக்கிறார். மூண்டு பேரும் மத்த ரெண்டு பேருக்கும் பொய் சொல்லியிருக்கிறம். சிரிப்பும் வந்தது, அந்தச் சுவரை நினைக்கச் சிரிப்பு நிண்டும் போச்சு.

அடுத்த நாள் காலையில நானும் தம்பியும் என்ட காரில ஒண்டாப் போனம். ரெண்டு பேரும் ஒரு காரால இறங்கினதைக் கண்டு அவர் ஸ்பனரோட அப்பிடியே நிண்டார். நீங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்த ஆக்களா எண்டு கேட்டார். அவருக்கு எங்களை வருசக்கணக்காத் தெரியும். ஆனா தன்னட்ட வாற ஒராளைப் பத்தி இன்னொராளுக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. தம்பி வாயைத் திறக்கமாட்டான் எண்டு தெரியும். நான்தான் சொன்னன்.

"உங்கட வேலையில ஒரு குறையும் இல்லை நானா. ஆரும் கொத்திக்கொண்டு போயிருவாங்க எண்டு நாங்கதான் உங்களை ஒளிச்சு வெச்சிருந்தம்."

காத்து அடிக்கிற மிசின் பெரிய சத்தத்தோட ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிப்பாட்டினார். திரும்பி வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க" எண்டார். நான் இன்னொருக்காச் சொன்னன். அவர் சிரிக்கல்ல. சாரத்து நுனியால முகத்தைத் துடைச்சார், முகமெல்லாம் கறுத்த எண்ணெய் இழுபட்டுது.

பிறகு கூலிக் கதையை எடுத்தன். பேரம் பேசிறதில எனக்குப் பழக்கம் இருக்கு, ஆனா மேல ஏத்திப் பேசினது அண்டைக்குத்தான். செய்த வேலைக்கு எடுக்கிற கூலி உங்கட விருப்பம், ஆனா ஓட்டிப் பாத்து ஒண்டுமில்லை எண்டு சொல்றதுக்கும் எடுக்கவேணும் எண்டன். அவருக்குக் கோபம் வந்திட்டுது. ஒண்டும் செய்யாமக் காசு வாங்கிறதா எண்டு கேட்டார். நானும் விடல்ல. ஒரு பொம்பிளைக்கு எந்த நகையைப் போடுறது எண்டதுக்கு மட்டுமா எனக்குக் கூலி தாறாங்க? இது வேணாம், இதைக் கழட்டுங்க எண்டு சொல்றதுக்கும் சேத்துத்தான் தாறாங்க. தெரியாதவள் எல்லாத்தையும் அள்ளிப் பூட்டிப்போட்டுக் காசும் வாங்கிட்டுப் போவாள். நீங்க ஒண்டுமில்லை எண்டு சொன்ன நாளிலதான் எனக்கு ஆகக் கூடின காசு மிச்சம் எண்டன். தம்பியும் தலையை ஆட்டினான். நல்ல ஒரு சண்டைக்குப் பிறகு, பாக்கிறதுக்கு ஒரு சின்னத் தொகை எண்டு ஒத்துக்கொண்டார். அதையும் வாங்கக்குள்ள வேற பக்கம் பாத்துக்கொண்டுதான் வாங்குவார்.

அதுக்குப் பிறகு நான் வாயை மூடவே இல்லை. பொம்பிளை வெளிக்கிடுத்திற வீடு எண்டா சொல்லவா வேணும்? சொந்தம் முழுக்க ஒரு அறைக்குள்ள இருக்கும், கையில வேலை நடக்கும், வாய் சும்மாதானே இருக்கும். சீலைக் கொய்யகம் மடிச்சுக்கொண்டே கராஜைப் பத்திச் சொல்லுவன். தம்பி வேனில ஏறின சனத்துக்கெல்லாம் சொன்னான். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில சொன்னார். ஆனா ஏஜென்சிக்காரனும் சும்மா இருக்கல்ல. கையெழுத்து வைக்க எப்ப வாறீங்க எண்டு கேட்டுக்கொண்டே இருந்தான். கட்டாரில போற கராஜில சம்பளம் நல்லதாம். அவரும் போறன் எண்டும் சொல்றதில்லை, போகல்ல எண்டும் சொல்றதில்லை. கேட்டா அல்லா விட்ட வழி எண்டுவார். ஒவ்வொரு தரம் அந்த ஒழுங்கைக்குள்ள திரும்பக்குள்ளயும், கொட்டில் பூட்டியிருக்குமோ எண்டு எனக்குப் பயம்.

வைகாசி கடைசியில கிளச் வேலைக்குப் போனன். ஒழுங்கைக்குள்ள காரைக் கொண்டுபோகேலாது. வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எண்டு வாசல் வரைக்கும் நிக்குது. நெல்லு ஏத்திற சின்ன லொறி ஒண்டும் நிண்டது. அதுட சொந்தக்காரரைப் பாத்தா, கரடியனாத்துப் பொம்பிளைட தகப்பன். முதல் முதல் நான் இஞ்ச வந்த அண்டைக்குக் கலியாணம் நடந்த வீட்டுக்காரர்தான். நானா லொறிக்குக் கீழ படுத்திருந்தார். புதுசா வாற ஒவ்வொராளிட்டயும் அவர் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு, கீழ இருந்தே கேட்டார்: ஆரு சொல்லி வந்தீங்க? அந்த மனிசன் என்னைக் கையால காட்டினார். கீழ இருக்கிறவருக்குக் கை தெரியுமா? பிறகு வாயால சொன்னார், பொம்பிளை வெளிக்கிடுத்திற பிள்ளை சொன்னது, நேரத்துக்குத் தரமாட்டார், மத்ததெல்லாத்தையும் நம்பலாம் எண்டு சொன்னது. லொறிக்குக் கீழ இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

மேசையில கிடந்த அவர்ர போன் அடிச்சது. வெளிய வந்தார், ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கிறீஸ். தங்கச்சி, அதக் கொஞ்சம் காதில வையுங்க எண்டார். எடுத்து அவர்ர காதில பிடிச்சன். ஏஜென்சிக்காரன். அவன் கத்தின கத்தல் எனக்கும், பக்கத்தில நிண்ட லொறிக்காரருக்கும் கேட்டது. இதுதான் கடைசி, நாளைக்குப் பாஸ்போட்டோட வந்து கையெழுத்து வைக்காட்டி உங்கட இடத்துக்கு வேற ஆளை அனுப்பிடுவன் எண்டான்.

நானா ஒழுங்கையில நிக்கிற வாகனங்களைப் பாத்தார். பின்னால திரும்பி அந்தச் சுவரையும் பாத்தார். அதுக்கு மேல புதுசாக் கூரை மரம் ஏறியிருந்தது, ஓடு மட்டும் இல்லை. பிறகு போனுக்குள்ள சொன்னார்:

"ஓம் ஓம். நாளைக்கு அஸருக்கு முன்னால கட்டாயம் வாறன்."

லொறிக்காரரின்ட முகம் வாடிப் போச்சு. பாவம், புது ஆள், நானாட "கட்டாயம்" அவருக்குத் தெரியாது. நான் போனை மேசையில வெச்சிட்டு, என்ட கார்த் திறப்பை எடுத்து அதுக்குப் பக்கத்தில வெச்சன். எப்ப எடுக்கலாம் எண்டு நான் கேக்கவும் இல்லை.